வியாபாரக் கண்

கேள்வி: லாபம் கிடக்கும் இடம் தொழில் முனைவோருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அவர்களுக்கு நெற்றிக்கண் ஏதேனும் உண்டோ? (மன்னார்குடி வாசகர்)

பதில்: நெற்றிக்கண் எரிப்பதற்குத்தான் பயன்படும், போட்ட பணத்தை எரித்துவிட்டவர்களிடம் வேண்டுமானால் அது இருக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டு கண்களே போதும். ஜனங்கள் எந்தக் காரியத்தில் தினந்தோறும் சிரமப்படுகிறார்கள், அந்தச் சிரமத்தைத் தவிர்க்க என்ன விலை கொடுக்கச் சித்தமாயிருக்கிறார்கள் என்று சலிக்காமல் கவனிக்கும் பொறுமைதான் அரிது.

கேள்வி: எங்கள் பக்கம் மழையில்லை, கரிசலும் வெயிலும்தான் மிச்சம். இங்கே என்ன தொழிலை யோசிப்பது? (விளாத்திகுளம் வாசகர்)

பதில்: சிவகாசியும் அதே வெயிலில் காய்ந்த ஊர்தான். அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குப் பிரயாணமாகி, தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்து இறங்கிய காலம் அது. மருந்து தோய்த்த குச்சியும் பசை தடவிய பெட்டியும் சீக்கிரம் உலர வேண்டும். அதற்கு வறண்ட காற்று வேண்டும். அந்தக் காற்று சிவகாசியில் வருஷத்தின் பெரும்பகுதியும் காசில்லாமல் வீசிக்கொண்டிருந்தது. விளைச்சல் பொய்த்ததால் வேலை தேடிய கைகளும் அங்கே நிறைய இருந்தன. ஊரார் குறையென்று புலம்பியதை அவ்விருவரும் மூலதனமென்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பதே இதில் விசேஷம். குச்சிக்கு வேண்டிய மென்மரம் உள்ளூரில் கிடையாது; கேரளத்திலிருந்து வந்தது. பிறகு பெட்டியின் மேல் ஒட்டும் வர்ணச் சீட்டுகளுக்காக அச்சுக்கூடங்கள் தோன்றி, நாளடைவில் நாடெங்கும் தொங்கும் காலண்டர்களை அச்சிடலாயின. அத்தொழிலில் நெடுங்காலம் குழந்தைகளின் கைகளும் தேய்ந்தன. அதை மறைத்துவிட்டு இவ்வூரைப் புகழ எனக்கு மனமில்லை.

கேள்வி: ஏழைகளை நம்பிக் கடை வைத்தால் முதலுக்கே மோசம் என்கிறார் என் மாமா. மெய்தானா? (பண்ருட்டி வாசகி)

பதில்: மாமாவைப் பக்கத்திலிருக்கும் கடலூருக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே வாழ்ந்த சின்னி கிருஷ்ணன், கூலிக்காரருக்கு ஷாம்புவில் விருப்பமில்லை என்ற பொதுவான அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. ஒரு நாள் குளியலுக்காக ஒரு புட்டியின் விலையை அவர்களால் கொடுக்க முடியவில்லை என்பதைக் கண்டுகொண்டு, ஒரு வேளைக்குப் போதுமானதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயுடன் தனியே தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். சிறுவர்களின் தலையைப் பலர் முன்னிலையில் அலசிக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு ‘சிக்’ இலவசம் என்று அறிவித்து, போட்டியாளரின் வாடிக்கைக்காரரைத் தம் வாசலுக்கே வரவழைத்த சாமர்த்தியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: சந்தர்ப்பத்தைச் சரியாகக் கண்டவரும் தோற்பதுண்டா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உங்கள் துறைமுகமே சாட்சி சொல்லும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓயாமல் ஆளும் சரக்கும் போய்வர, கப்பல் மட்டும் வெள்ளையருடையதாயிருந்ததைக் கண்டு, 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. எதிர்க் கம்பெனி நஷ்டத்துக்கு அஞ்சாமல் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. சர்க்கார் அதன் பக்கம் நின்றது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. அதைத் தோல்வியென்று எழுத என் பேனா இசையாது.

கேள்வி: என் மாமனார் 50,000 ரூபாய் தருகிறார். எதிர்த்தெருவில் கூட்டம் அலைமோதும் டீக்கடையைப் போலவே நானும் ஒன்று வைக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அங்கே குடிப்பவர்களை எண்ணாதீர்கள், வாசல்வரை வந்து, நின்று பார்த்துவிட்டுக் குடிக்காமல் போகிறவர்களைப் பின்தொடர்ந்து விசாரியுங்கள். அவர்களுக்கு வேண்டியது உட்கார ஓர் இடமோ, சர்க்கரை போடாத டீயோ, விடியுமுன் திறந்திருக்கும் கதவோ, அது உங்களுக்குத் தெரியும்வரை பணம் மாமனாரிடமே இருக்கட்டும்.