அப்பத்தாட்ட மட்டும் சொல்லிராத

ஏண்டா பேராண்டி, நாலு நாளா மச்சுல உக்காந்து பேனாவக் கடிக்கிற. பேங்குப் பரீட்சைக்கு ரீசனிங்கு வரலைன்னு ஒங்க அப்பத்தா எங்கிட்ட வந்து மூக்கச் சிந்துறா. கோச்சிங்குக்குத் திண்டுக்கல் போயி வாறியே, பஸ்சுல பொஸ்தகத்தத் தொறந்தியா, போனத் தொறந்தியா? சரி விடு, நான் கேக்கல.

நீ எழுதுன தாள இங்கிட்டுக் குடு. ஒங்க சித்தப்பன் காலத்துல பேங்குக்குப் பேங்கு தனிப் பரீட்சை. 2011-லதான் ஐபிபிஎஸ்காரன் அரசு பேங்கு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டுனான், ஸ்டேட் பேங்குக்கு மட்டும் தனி அடுப்பு. 2021-லேருந்து கிளார்க்கு பரீட்சையில ரீசனிங்கத் தமிழ்லயே எழுதலாம்னும் ஆயிருச்சு. இனி இங்கிலீசு மேலயும் பழி போட முடியாது ஒனக்கு.

மொதக் கேள்வியப் பாப்போம். எட்டுப் பேரு வட்ட மேசையச் சுத்தி நடுவப் பாத்து உக்காந்திருக்காங்களாம். ஏ-க்கு எடப்பக்கம் மூணாவது ஆளு பி. சி-க்குப் பக்கத்துல டி இல்ல. அடேய், நம்ம ஊர்ப் பந்தியில இதப் பாத்ததில்லையா நீ? வரப்புத் தகராறுக்காரன் பக்கத்துல எவன் எல போடுவான்? எடம் உறுதியான ஆள மொதல்ல உக்கார வையி. ‘பக்கத்துல இல்ல’ங்குறவனக் கடைசியாக் கூப்புடு. நீ பண்ணுன கூத்து வேற: பீச்சாங்கைப் பக்கம் போக வேண்டியவன் சோத்தாங்கைப் பக்கம் போயிட்ட. நடுவப் பாத்து உக்காந்தவனுக்குப் பீச்சாங்கைப் பக்கந்தான் கடியாரம் சுத்துற பக்கம். வெளியப் பாத்து உக்காந்தா அப்படியே தலைகீழ்.

ஒறவு முறைக் கேள்வியில நீ போட்ட விடையப் பாத்துத்தான் எனக்குப் பொரையேறிருச்சு. ஒருத்தன் போட்டோவக் காட்டி, ‘இவ எங்க அப்பாவப் பெத்த தாத்தாவோட ஒரே மகனோட மக’ங்குறான். நீ மொறப்பொண்ணுன்னு போட்டிருக்க! அப்பனப் பெத்தவருக்கு ஒரே மகன்னா அது ஒன் அப்பன், அவ ஒன் கூடப்பொறந்தவ. அம்மாவப் பெத்தவருன்னு இருந்தாத்தான் மாமன் மக. சீர் செய்யுற எடத்துல தாலியத் தூக்கிட்டு நிக்கிறியேடா. ஆம்பளைக்குக் கூட்டல் குறி, பொம்பளைக்குக் கழித்தல் குறி போட்டு, தலைமுறைக்கு ஒரு வரியாக் கோடு இழு. இன்னொண்ணு, பரீட்சையில எவனும் சொந்தத்துல கட்டியிருக்க மாட்டான். ஒங்க அப்பத்தா எனக்கு அக்கா மக; நான் அவளுக்குத் தாய்மாமனும் புருசனும். இத எழுதுனா கம்ப்யூட்டரு நின்னுரும். கழித்தல் குறி சங்கதிய அவகிட்டச் சொல்லிராத, கரண்டி பறக்கும்.

அப்புறம் இது: ‘எல்லா மல்லியும் கல்லு. சில கல்லு கெடா. அப்ப சில மல்லி கெடாவா?’ மல்லி எப்படிக் கல்லாகும்னு நீ பத்து நிமிசம் சண்ட போட்டியாம். கேக்குறவன் ஆகும்னா ஆகும், ஒனக்கென்ன? மல்லி வட்டத்தக் கல்லு வட்டத்துக்குள்ள போடு. கெடா வட்டம் கல்ல ஒரு ஓரமாத் தொட்டாப் போதும். மல்லியத் தொடணும்னு கட்டாயமில்ல. தொடலாம், அவ்வளவுதான். தொடலாம்ங்குறதத் தொடும்னு எழுதிக் கெடுத்த. மேலாப்புல ஒரு கை அள்ளிப் பாத்துட்டு மூட்ட முழுக்க மொட்டுன்னு வெல பேசுன யாவாரி கததான்.

தெசைக் கேள்விக்கு நம்ம ஊர்லேருந்து போற வத்தலக்குண்டு பஸ்ச நெனச்சுக்க. மூஞ்சி மேக்க, சோத்தாங்கை வடக்க. முடிஞ்சது.

பிரிலிம்ஸ்ல ரீசனிங்கு 35 கேள்விக்கு 20 நிமிசம்னு நீதான சொன்ன? நம்ம பூ மார்க்கெட்டப் பாரு. விடிய வந்த மல்லிக்கு வெயிலேற வெல எறங்கும். படியாத கிராக்கிகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னா மத்த மூட்டையும் வாடிரும். ரெண்டு நிமிசத்துல பிடி குடுக்காத பசிலத் தள்ளி வச்சிட்டு அடுத்ததுக்குப் போ. குருட்டாம்போக்குல தட்டாத, தப்புக்குக் கால் மார்க்கு போகும். நாலு தப்பு சேந்தா ஒரு சரியான விடைய முழுங்கிரும்.

சரி, போன எங்கிட்டக் குடு. மணி நான் பாக்குறேன். அந்த 35-யும் இப்பப் போடு.