முன்சக்கரத்து ஊளை: மூன்று அளவைகளால் ஓர் ஆராய்ச்சி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் ஏற்றிப் புறப்படும் பிக்கப் வண்டிகளில், வேகம் 40-ஐத் தாண்டியதும் ‘ஊம்ம்ம்’ என்று ஓர் ஒலி எழுவதுண்டு. வேகத்தோடு ஏறும், கிளட்ச்சை மிதித்தாலும் குறையாது. முன்சக்கரத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை. எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதில்தான் கட்சி பிரிகிறது.

சுந்தரர் இவ்வூரில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தொன்மம். பேரிங் ஒலியும் அந்த மரபைச் சேர்ந்ததே. இடச்சக்கரத்தில் பிறந்து, சேஸிஸ் வழியே பயணித்து, ஓட்டுநரின் வலக்காதில் கரையேறக் கூடியது. காதை நம்பி வலச்சக்கரத்தைக் கழற்றுபவர் தலபுராணம் அறியாதவர்.

சைவர் கொள்ளும் அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்று. உரையை முதலிலேயே தள்ளிவிடலாம். “நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு” என்னும் ஓட்டுநர் வாக்கை எந்த ஒர்க் ஷாப்பும் பிரமாணமாக ஏற்றதில்லை. கருதல் பயன் தரும். வண்டி வலப்புறம் வளைந்தால் பாரம் இடச்சக்கரத்தில் சாயும். அப்போது ஊளை ஓங்கினால் குற்றம் இடப்பேரிங்கின் மேல். தார்ச்சாலை விட்டு சிமென்ட் சாலையில் ஏறியதும் ஒலியின் குணமே மாறினால், பேரிங்கைச் சந்தேகிப்பது பாவம், டயரைப் பாருங்கள்.

காண்டலுக்கு ஜாக்கி வேண்டும். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரின் தலையையும் அடியையும் பிடித்து அசைக்க, மெக்கானிக் “ஆட்டம் இருக்கு” என்று அறிவிப்பார். உடனே பூர்வபட்சம் எழும்: அது கிங் பின் ஆட்டமாக இருக்கக் கூடாதா? மறுப்பு எளிது. ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்னோ பால் ஜாயின்ட்டோ. ஒரே மிதியில் முடியும் இந்த வாதத்தை டீக்கடையில் வாரக்கணக்கில் வளர்ப்பதைத்தான் புலமை என்கிறோம்.

மாற்றுவதில் சிக்கனவாதிகள் ஒரு தனிப் பிரிவினர். ரோலர் கோத்த உள்வளையமான கோனை மட்டும் புதிதாக வாங்கி, வெளிவளையமான பழைய கப்பை விட்டுவைப்பார்கள். தேய்ந்த தடத்தில் புது ரோலர் உருண்டு, சீக்கிரமே பழைய ராகத்தைக் கற்றுக்கொள்ளும். இரண்டையும் மாற்றுவதே முறை. பித்தளைக் கம்பி வைத்துக் கப்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். முழுக்க உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை கனத்துவிடும். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, ரோலர்களுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை அழுத்த வேண்டும். சீலும் புதிதாக இருக்கட்டும். தண்ணீரும் தூசியும் பழைய சீல் வழியாகத்தான் நுழைகின்றன. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கம்பெனி சொன்ன அளவில் நிறுத்திப் புதுக் காட்டர் பின் போட வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடேறிக் கருகும். ‘நல்லா டைட் பண்ணுப்பா’ என்று முதலாளி நிழலில் நின்று சொல்வது, உரையளவையைத் தள்ளியது சரியே என்பதற்கு இன்னொரு சான்று.

உயர்வேக இயந்திரங்களில் சிலிக்கான் நைட்ரைடு என்னும் செராமிக் குண்டுகள் வைத்த பேரிங்குகள் ஓடுகின்றன. பீங்கான் ஊரின் சரக்கு வண்டியோ, 1898-இல் ஹென்றி டிம்கென் காப்புரிமை பெற்ற டேப்பர் ரோலர் வகையில், எஃகின் மேலேயே உருள்கிறது. கழற்றிய பேரிங்குக்காகப் பட்டறை வாசலில் நிற்கும் சிறுவர்கள் இந்த டேப்பர் வகைக்கு உடன்படுவதில்லை. டேப்பரில் கப்பும் கோனும் தனித்தனியே கழன்றுவிடும் என்பதால், பேரிங் வண்டி செய்ய அவர்கள் கேட்பது பால் பேரிங்.