பெயர் போனாலும் இடம் போகாது: நிரம்பிய டிஸ்க் குறித்து ஓர் ஆராய்ச்சி

பழைய யூனிக்ஸ் சர்வருக்கு வரும் நோய்கள் பல. பிரிண்டர் வரிசை நின்றுபோகும். யாரோ தெரியாமல் கண்ட்ரோல்-எஸ் அழுத்த டெர்மினல் உறையும், கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் பெறும். இவை சளி, இருமல் வகை, ஆராய்ச்சி தாங்காது. ஆராயத் தக்கது ஒன்றே. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சர்வர் அலறுகிறது. பெருத்துக் கிடந்த லாக் கோப்பை ஆர்எம் கட்டளை போட்டு அழித்தாயிற்று. அப்படியும் டிஎஃப் கட்டளை நூறு சதவீதம் என்றே சாதிக்கிறது. டியூ கட்டளையோ கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டி, ஒன்பது ஜிபியில் ஆறுதான் செலவு என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

யூனிக்ஸில் பெயர் வேறு, பொருள் வேறு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய இந்த அமைப்பில், கோப்பின் உடல் ஐநோடு என்னும் எண்ணின் கீழ் கிடக்கும்; பெயர் என்பது அடைவில் எழுதி அந்த எண்ணோடு முடிந்த முடிச்சு மட்டுமே. ஆர்எம் உள்ளே கூப்பிடுவது 'அன்லிங்க்' என்ற செயலை. அழி என்று அதற்குப் பொருளில்லை, முடிச்சை அவிழ் என்றே பொருள். கடைசி முடிச்சு அவிழ்ந்த பின்னும் ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் உடல் அங்கேயே இருக்கும், வளரவும் செய்யும். டியூ பெயர்களைப் பின்பற்றி எண்ணுவதால் அதைக் காணாது. டிஎஃப் டிஸ்க்கில் நிரம்பிய கட்டங்களை எண்ணுவதால் காணும்.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம், அம்பத்தூரே போதும். அம்பத்தூர் நகராட்சி என்ற பெயர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது அவிழ்க்கப்பட்டது. தெருவும் சாக்கடையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இது அழித்தும் திறந்திருக்கும் கோப்பு. அதற்கு நேர்மாறு அதே அம்பத்தூரின் டன்லப். டயர் தொழிற்சாலை மூடிக் காலமாயிற்று, டன்லப் ஸ்டாப்பிங் மட்டும் நிற்கிறது. பெயர் இருந்து பொருள் இல்லாத இதைத்தான் யூனிக்ஸ்காரர்கள் அறுந்த சிம்பாலிக் லிங்க் என்பார்கள். ஓர் ஊரிலேயே இரண்டும் அமைந்தது ஆய்வாளர் செய்த புண்ணியம்.

அஃதேல், ரீபூட் செய்தால் இடம் திரும்பி வந்துவிடுகிறதே, இத்தனை ஆராய்ச்சி எதற்கு எனின், அற்றன்று. ரீபூட்டில் எல்லா நிரல்களும் சாகின்றன, பிடி விடுகிறது, இடம் வருகிறது; அவ்வளவே. லாக்கை ஊதிப் பெருக்கிய காரணம் அப்படியே இருக்க, அடுத்த மாதம், சரியாக ஜிஎஸ்டி கணக்கு நேரத்தில், அதே அலறல் கேட்கும். மேலும் நம்மவர் ரீபூட் என்று சொல்லிவிட்டுச் செய்வது பெரும்பாலும் சுவிட்சை அணைப்பது. பல வருஷம் நிற்காமல் சுழன்ற டிஸ்க், ஆறிய பின் மறுபடி சுழல மறுப்பதுண்டு. சுழன்றாலும் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கும். என்ன கேட்கிறது என்று படிக்காமல் 'ஒய்' தட்டிக்கொண்டே போவார்கள்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டால் என்ன என்பது இன்னொரு மறுப்பு. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஓடுகிற லேத்தைப் பழசு என்பதற்காக யாரும் கழற்றுவதில்லை. பழைய சர்வரில் ஓடும் கணக்கு நிரலுக்கும் அதே நியாயம்.

ஆகவே சர்வர் அறைச் சாவி வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம். ஓடுகிற நிரலின் லாக் கோப்பை ஆர்எம் போடாதீர்கள். பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? எல்எஸ்ஓஎஃப் கட்டளை இருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலைக் காட்டிக் கொடுக்கும். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தித் தொடங்குங்கள். சுவிட்ச் பக்கம் போகாதீர்கள்.