கிளட்ச் கனவான்

தம் வாகனத்தைப் பற்றிப் பெருமை பேசாத மனிதரைக் காண்பது அபூர்வம். ஆனால் அந்த வாகனம் எத்தனை தடவை நடுவழியில் நின்றுபோயிற்று என்பதையே பெருமையாகப் பிரஸ்தாபிக்கிறவர் ஒருவர் உண்டென்றால், அவர் டீஸல் ஜீப் வைத்துக்கொண்டு விடுமுறை நாட்களில் மலையேறும் கனவானே ஆவார். வாரத்தில் ஐந்து நாள் கோயம்புத்தூரில் பம்ப் செட் வியாபாரத்தையோ பாங்கி உத்தியோகத்தையோ பரம சாதுவாகக் கவனித்துவிட்டு, சனிக்கிழமை பொழுது விடியுமுன்பே கனத்த பூட்ஸும், எண்ணி மாளாத பைகள் தைத்த கால்சட்டையும் தரித்துக்கொண்டு, வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ அவர் புறப்பட்டுவிடுவார். வழியில் யாராவது மரியாதைக்காக, “சௌக்கியமா?” என்று விசாரித்தால், “மூணாவது கிளட்ச் போட்டாச்சு” என்று பதில் வரும். கேட்டவர் அனுதாபப்படுவதா, வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் நிற்பார். வாழ்த்துச் சொல்வதே உத்தமம்.

ஜீப்புக்கும் நம் தேசத்துக்கும் உள்ள சம்பந்தம் புதிதல்ல. யுத்தத்துக்குப் பிறந்த அந்த வண்டியை 1947-ல் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள்; 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமூக வளர்ச்சித் திட்டம் ஆரம்பமான பிற்பாடு, பி.டி.ஓ. என்னும் வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் என்றால் எந்தக் குக்கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும் என்றாயிற்று. அந்த ஜீப்பை ஓட்டிய சர்க்கார் டிரைவர், ஒரு கிளட்ச் பிளேட் வேண்டுமானால் எழுதவேண்டிய காகிதங்களையும் வாங்கவேண்டிய கையொப்பங்களையும் நினைத்து நினைத்தே தம் இடது காலைத் தரையில் ஊன்றி அடக்கி வைத்திருந்தார். நம் கனவானுக்கு அத்தகைய கட்டுப்பாடு ஏதுமில்லை. பணம் அவருடையது, கால் அவருடையது.

வண்டி வாங்கிய மாதமே அதற்கு அலங்காரம் ஆரம்பமாகிவிடும். முன்னால் இரும்புத் தடுப்பு, அதற்குள்ளே ஒரு வின்ச், கூரைமேல் சாமான் வைக்கும் சட்டம், அதன் மேல் டீஸல் டப்பா, மண்வெட்டி, ஒருபோதும் விரிக்கப்படாத கூடாரம் என்று பாரம் ஏறிக்கொண்டே போகும். பிறகு டயரின் முறை. கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த 29 அங்குல டயர் பார்வைக்குக் கம்பீரமாக இல்லை என்று 33 அங்குல டயர் மாட்டுவார். சக்கரம் பெருத்தால் ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்ததற்குச் சமானம் என்பதும், முன்பு சுலபமாக நகர்ந்த வண்டியை இப்போது நகர்த்துவதற்குக் கிளட்ச் கூடுதலாகத் தேய்ந்தாகவேண்டும் என்பதும் கணக்கு. கம்பீரம் கணக்குப் பார்ப்பதில்லை.

அவருடைய வண்டியில் கியர் தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு தண்டு இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைச் செலுத்துவதும், அதற்கு மேலும் இழுத்தால் வேகத்தை ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்து இழுவையை இரண்டரை மடங்காக்குவதும் அந்தத் தண்டின் தொழில். ‘ஃபோர் லோ’ என்று சொல்லப்படும் அந்த ஸ்தானத்துக்காகவே அவர் சாதாரணக் காரை விட லட்சக்கணக்கில் அதிகம் கொடுத்திருக்கிறார். ஆயினும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு அதைத் தரிசனம் செய்துவைப்பாரேயொழிய, தாமாக அதில் கை வைக்கமாட்டார். கேட்டால், “அதெல்லாம் எமர்ஜென்சிக்குங்க, இந்த மேட்டுக்குப் போய் அதைப் போடுவாங்களா?” என்பார். மேடு செங்குத்தாக இருந்தாலும் சரி, முதல் கியரையும் இடது காலையும் நம்பி ஏறுவதே ஆண்மை என்பது அவருடைய சித்தாந்தம்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அரசாங்கப் பஸ்ஸும் அந்தப் பாதையில்தான் மூட்டை முடிச்சுகளோடும் ஜனங்களோடும் ஏறி இறங்குகிறது. நம் கனவானும் ஏறுகிறார். முன்னால் ஒரு லாரி வளைவில் தயங்கினால், ஹேண்ட் பிரேக் என்ற சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தீண்டாமல், கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்து, முன்னே போகாமலும் பின்னே சரியாமலும் வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைத்துத் தம்முடைய சாமர்த்தியத்தைத் தாமே மெச்சிக்கொள்வார். சற்று நேரத்தில் ஒரு தீய்ந்த நாற்றம் கிளம்பும்.

“என்னங்க, ஏதோ கருகற வாசம் வருதே?” என்பார் அம்மையார்.

“முன்னால போற பஸ்ஸோட பிரேக் லைனிங். கண்ணாடியை ஏத்திக்கோ.”

“பஸ்ஸைத் தாண்டி வந்து ரொம்ப நேரம் ஆச்சுங்களே!”

இதற்கு மேல் அந்தச் சம்பாஷணை நீள்வதில்லை.

நாற்றத்தின் மூலம் வெகு எளியது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். அதன்மேல் பிரஷர் பிளேட் என்னும் இரும்புத் தட்டு வில்லின் பலத்தால் அழுந்தி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு, இன்ஜினின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது கிளட்ச் பிளேட். பெடலை முழுக்க மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் வில்லை அழுத்த, பிளேட் விடுதலை பெறுகிறது. முழுக்க விட்டால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டு நிலைகளிலும் அதற்கு ஒரு தேய்மானமும் இல்லை. பாதி மிதித்த நிலையில்தான் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுற்ற, நடுவிலிருக்கும் பிளேட் உராய்ந்து கொதித்து, ஃப்ளைவீலின் முகத்தில் நீலத் திட்டுக்களைப் பதித்துவிட்டு மாண்டுபோகிறது. இதில் டீஸலின் குணவிசேஷம் வேறு சேர்ந்துகொள்கிறது. டர்போ வைத்த இந்நாளைய டீஸல் இன்ஜின் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே சோம்பிக் கிடக்கும். அதைத் தாண்டியதும் திடீரென்று அசுர பலம் காட்டும். நின்றுவிடுமோ என்று பயந்து நம்மவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, அந்த அசுர பலம் முழுவதும் பாதி விட்ட பிளேட்டின் தலையில் வந்து இறங்குகிறது. விசித்திரம் என்னவென்றால், அதே டீஸல் இன்ஜினை ஃபோர் லோவில் முதல் கியரில் போட்டுவிட்டால், இரண்டு காலையும் எடுத்துவிட்டாலும் தானாகவே மேட்டில் ஊர்ந்து ஏறும்.

முதல் கிளட்ச் போனபோது அது உற்பத்திக் குறை என்றார். சர்வீஸ் நிலையத்து இளைஞர், “சார், கிளட்ச் பிளேட் தேய்மானச் சாமான், வாரண்டியில் வராது” என்று பணிவோடு சொன்னதற்கு அவர் ஆற்றிய பிரசங்கம் கான்டீன் வரை கேட்டது. இரண்டாவது போனபோது உதிரி பாகம் போலி என்பதாகவும், அடுத்தது போனபோது மெக்கானிக் பிளேட்டை நேராக வைத்து மாட்டவில்லை என்பதாகவும், ஒரு வாரம் வண்டியை இரவல் வாங்கிப்போன மைத்துனனின் ஓட்டமே சகலத்துக்கும் காரணம் என்பதாகவும் அவருடைய ஆராய்ச்சி விரிந்துகொண்டே போயிற்று. உலகத்திலுள்ள சகல ஜீவராசிகளின் மீதும் சந்தேகப்பட்ட அந்த மகானுபாவர், பெடலின் மேல் சதா சர்வகாலமும் இளைப்பாறிக்கொண்டிருந்த தம் இடது பாதத்தை மட்டும் ஒரு தடவையாவது சந்தேகித்ததில்லை.

கம்பெனிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் பரிசுத்தாத்மாக்கள் என்று நான் வாதாட வரவில்லை. இன்ஜினின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்தால், காலை எவ்வளவு அடக்கினாலும் கிளட்ச் வழுக்கத்தான் செய்யும். நீலம் பாய்ந்த ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவாமல், பிளேட்டை மட்டும் புதிதாகப் போட்டு அனுப்பினால் அடுத்த பிளேட்டும் அற்பாயுளில் போகும். கியர் பாக்ஸை இறக்கிய கூலியை ஒரு தடவை வாங்குவதை விட இரண்டு தடவை வாங்குவது சிலாக்கியம் என்று கருதும் பட்டறைகளும் இல்லாமலில்லை. ஆனால் நம் கனவானின் மெக்கானிக் அந்த ஜாதி அல்ல. ஒண்டிப்புதூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அவர், கருகிய பிளேட்டைக் கையில் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ஏனுங்க சார், மேட்டுல ஆஃப் கிளட்ச்லயே நிக்க வெச்சீங்களாக்கும்?” என்று கேட்டார்.

“நான் அப்படி ஓட்டறவனா தம்பி? இருபது வருஷ சர்வீஸ்!”

“அதுதானுங்களே!” என்று சொல்லி, அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கனவானை ஒரு முறை சூரியநெல்லிக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வாடகை ஜீப்பில் உட்காரவைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாதை என்று அதற்குப் பெயரே ஒழிய, அது பாறாங்கற்களின் குவியல். ஏறிச் சேரும் இடம் சுமார் 8,000 அடி உயரம். விடியுமுன்பே சூரியோதயம் பார்க்கத் துடிக்கும் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு, பெயிண்ட் உதிர்ந்த பழைய ஜீப்பில் அந்த டிரைவர் ஏறுவதைப் பார்த்தால், வண்டி ஓட்டுகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்ற சந்தேகம் உண்டாகும். அடிவாரத்திலேயே சிறு தண்டை இழுத்துக் கியரைப் போட்டார் என்றால், இடது காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வெற்றிலையோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவார். அவருக்கு வண்டி வயிற்றுப் பிழைப்பு. கிளட்ச் போனால் அன்றைய வாடகையும் போயிற்று, பட்டறைச் செலவும் வந்தது. வீர தீரப் பராக்கிரமங்களைக் காட்ட அவருக்கு வசதியில்லை. நம் கனவானோ அதையும் பார்த்துவிட்டு, “பழைய வண்டியோட இரும்பே வேறங்க, இப்ப எல்லாம் தகரம்” என்றுதான் சொல்லப்போகிறார். ஆகவே ஆசையை நான் கைவிட்டுவிட்டேன்.

என்றைக்காவது ஒரு நாள் அவர் அந்த ஜீப்பை விற்பார். ‘ஒரே கை வண்டி, மலை ஏறாத வண்டி’ என்று விளம்பரமும் செய்வார். வாங்க உத்தேசிக்கும் நேயர்கள் முதலில் கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். அது பிரேக் பெடலின் ரப்பரை விட அதிகம் தேய்ந்து பளபளத்தால் விஷயம் விளங்கிவிடும். பிறகு சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்ச்சை மெள்ள விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. அணையாமல் சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தால், புதுக் கிளட்ச் செட்டின் விலையையும் கியர் பாக்ஸ் இறக்கும் கூலியையும் அவர் சொல்லும் தொகையிலிருந்து தாராளமாகக் கழித்துக் கேளுங்கள்.