வாங்கியவர் விற்கலாமா? ஹாலிவுட்டுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மோஷன் பிக்சர் அசோசியேஷன், வாஷிங்டன்.
பொருள்: பார்த்து முடித்த டிவிடியை இணையத்தில் விற்கும் பெருங்குற்றம் தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய தயாரிப்பாளர் பெருமக்களே,

பார்த்து முடித்த படத்தை ஈபேயில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பாவிகளின் சார்பில் இதை எழுதுகிறேன். முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவதே முறை. பழைய வட்டு கைமாறும்போது உங்களுக்கு ஒரு காசும் வருவதில்லை. அது கிடைக்காமல் போயிருந்தால் அதை வாங்கியவர் புதியதையே வாங்கியிருப்பார். ஆகவே உங்களுக்கு நஷ்டம். கணக்கில் பிழை இல்லை. என்ன, இதே கணக்குப்படி பழைய குக்கர், பழைய சைக்கிள், பழைய பாடப்புத்தகம் எல்லாமே யாரோ ஒருவருக்கு நஷ்டம்தான். குக்கர் கம்பெனிக்காரர்கள் விவரம் போதாதவர்கள். ஒருமுறை காசு வாங்கிக்கொண்டால், அது இனி யார் வீட்டு அடுப்பில் விசிலடித்தால் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த மெத்தனம் என்றுமே இருந்ததில்லை.

உங்களுக்கு முன்னோடி ஒரு பதிப்பகம். அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில், ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலில், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டு வைத்தது. மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் வந்த தீர்ப்பின் சாரம், விற்றுவிட்ட பிரதி என்ன விலைக்குக் கைமாற வேண்டும் என்று பதிப்பகம் கட்டளையிட முடியாது என்பது. மறு ஆண்டே அது சட்டத்திலும் ஏறியது. நகலெடுக்கும் உரிமை படைத்தவரிடமே இருக்கும்; பிரதி வாங்கியவருக்குச் சொந்தம். பழைய வீடியோ வியாபாரத்தின் தர்மம் முழுவதும் இந்த வரப்புக்குள் அடங்கிவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் வீடியோ வாடகைக் கடைகள் பெருகியபோது, வரப்பைக் கொஞ்சம் வெட்டி வாடகையில் பங்கு தாருங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. 1982இல் உங்கள் தலைவர் ஜாக் வாலன்டி, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாஸ்டன் கொலைகாரன் எப்படியோ, சினிமாவுக்கு வீடியோ ரெக்கார்டர் அப்படி என்று நாடாளுமன்றக் குழுவின் முன் முறையிட்டார். அந்த ரெக்கார்டரைப் பற்றிய வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதைத் தயாரித்த சோனியின் பக்கம் நின்றது. அப்புறம் அந்தக் கொலைகாரன் செய்தது என்ன? சில ஆண்டுகளிலேயே திரையரங்கு வசூலை மிஞ்சும் வருமானத்தை உங்கள் கல்லாவில் கொண்டுவந்து கொட்டினான்.

இப்போது உண்மையான பாவங்களுக்கு வருவோம்; அவையும் இருக்கத்தான் செய்கின்றன. வட்டைக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அசலை விற்றுக் காசாக்குபவர் ஒருவர். அவர் அந்த வரப்பைத் தாண்டியவர். அவருக்காக வாதாட மாட்டேன். கொடுக்கிறவர் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். திருட்டு டிவிடியை அசல் என்று சொல்லி விற்பவர் இன்னொருவர். இணையத்தில் வாங்குபவரால் வட்டைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பதே இவருடைய மூலதனம். ஆலையில் அச்சான வட்டின் அடிப்பக்கம் வெள்ளி மினுக்கும். வீட்டில் நகலெடுத்த வட்டில் பெரும்பாலும் ஊதா படர்ந்திருக்கும். பார்சலைப் பிரித்தபின்தான் அந்த ஊதா கண்ணில் படும். கீறலை மறைத்துப் ‘புத்தம் புதிது போல’ என்று எழுதுபவரும் உண்டு. ஆனால் இவை பொய் சொல்லி விற்பதன் குற்றங்கள். பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதற்காக மாடு வளர்ப்பதை யாரும் தடை செய்வதில்லை. படைப்பாளிக்கு மறுவிற்பனையில் பங்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். பிறகு விற்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பலர் முதலில் முழு விலை கொடுக்கிறார்கள். விற்ற காசில் அடுத்த படத்தை வாங்குகிறார்கள். நீங்களே வெளியிடுவதை நிறுத்திவிட்ட படங்களுக்கோ இந்தப் பழைய சந்தையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

சந்தையின் ஆபத்துகளில் நீங்கள் படைத்ததும் ஒன்று உண்டு. உலகத்தை மண்டலங்களாக வகுத்து அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5 என்று எண் கொடுத்தீர்கள். அங்கே நேர்மையாக வாங்கிய வட்டு, இங்கே பூட்டு நீக்காத பிளேயரில் ஓடாது. கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஐந்தே முறை, அதோடு பூட்டிக்கொள்ளும். வாங்கியவரோ விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டிக்கொண்டிருப்பார்.

உங்களிடம் வலுவான வாதமும் ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் கோப்பு கீறாது, தேயாது. அதில் பழையது என்றே ஒன்று கிடையாது. மறுவிற்பனைக்கு விட்டால் ஒரே கோப்பு ஊரெல்லாம் சுற்றிவிடும். பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்தின் வழக்கில், இன்னொரு கணினிக்கு அனுப்புவதே புது நகல் எடுப்பதுதான் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் பொத்தானில் ‘வாங்கு’ என்று ஏன் எழுதுகிறீர்கள்? 1984இல் வென்ற அதே சோனி, 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. கூச்சல் எழுந்தபின் பின்வாங்கியது. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பெற்றவர் பிறருக்குத் தர முடியாது என்றால், அந்தப் பொருளுக்குத் தமிழில் இரவல் என்று பெயர். உரிமம்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது என 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே அமலில் இருக்கிறது. ஹாலிவுட் இருக்கும் மாநிலம்தான்.

ஆகவே கோரிக்கை எளியது. விற்பதானால் விற்றுவிடுங்கள், பிறகு அது எந்தத் தெருவில் யார் கைக்குப் போகிறது என்று பின்னாலேயே வராதீர்கள். இரவல் தருவதானால் பொத்தானில் ‘இரவல்’ என்று எழுதி, இரவலுக்குரிய விலையை வாங்குங்கள். விலையில் விற்பனையும் விதியில் இரவலுமாக இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது, ஊதா வட்டை அசல் என்று விற்பவரின் தொழில். அதை அவரிடமே விட்டுவிடலாம். பழைய வட்டுகளில் உங்கள் பங்கு முதல் விற்பனையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் 1980களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கொலைகாரன் கொண்டுவந்த வரவு அதில் இருக்கும்.

இப்படிக்கு,
வாங்கியது தனக்கே சொந்தம் என்று இன்னமும் நம்பும்
ஒரு பழைய வாடிக்கையாளர்