பெட்டிக்குச் செருப்பு

ஹைஃபை சார் வீட்டுக்குப் போனால், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்பே ஃபேன் நின்றுவிடும். மே மாதமானாலும் இதே கதிதான். "ஃபேன் சத்தத்துல நுணுக்கமெல்லாம் போயிடும் சார்" என்பார். அடுத்து ஜன்னலைச் சாத்துவார். அதற்கடுத்து, ஹாலைக் கடந்து பூஜையறைக்குக் கிளம்பிய அவருடைய அம்மாவுக்குத் தடையுத்தரவு வரும். "அம்மா, ரெண்டே நிமிஷம். அப்படியே நில்லு, நடக்காத."

ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் புதிதாக நான்கு கால்கள் வந்திருக்கின்றன என்று அர்த்தம். அவர் பாஷையில் 'ஐசோலேஷன் ஃபுட்டர்'. எஃகு உறைக்குள் ஒரு ஸ்பிரிங், ஒன்றரை அங்குல உயரம், ஒரு செட் இருபதாயிரத்துக்கு மேல். தரையின் அதிர்வு பெட்டிக்கு ஏறாமலும் பெட்டியின் அதிர்வு தரைக்கு இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். அவருடைய மனைவிக்கு அது 'செருப்பு'. "போன மாசம் சிடி பிளேயருக்குச் செருப்பு வாங்கினார். இப்ப இதுக்கு. நான் வாங்கி மூணு வருஷமாச்சு."

"கேளுங்க" என்று ஊசியை இறக்குவார். எண்பதுகளின் இளையராஜா எல்.பி. முன்னிசை ஓடும். பேஸ் கிடார் மெல்ல உள்ளே வரும். பல்லவியின் முதல் வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்குவதற்குள் ஊசி மேலே போய்விடும். "இதை அப்படியே ஞாபகம் வெச்சுக்குங்க."

பிறகு தொடங்கும் வேலை. வால்யூமைக் குறைத்து, சுவிட்சை அணைத்து, வயர்களைக் கழற்றி, "ஒரு கை கொடுங்க சார்" என்பார். கொடுக்க வேண்டும். முதுகுவலி என்று சொல்லிப் பயனில்லை. ஆம்ப்ளிஃபயரை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் குப்புறப் படுத்துப் பழைய கால்களை உருவிப் புதிய கால்களைச் செருகுவார். அப்புறம் மேலே ரசமட்டத்தை வைப்பார். கொத்தனார் சுவருக்கு வைக்கும் அதே ரசமட்டம்தான். குமிழி நடுவுக்கு வரும்வரை நாலு காலையும் திருகித் திருகி ஏற்றி இறக்குவார். வயர்களை மாட்டி, வால்யூமைக் கையாலேயே பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி முன்னிசை, மறுபடி பேஸ் கிடார், மறுபடி அந்த ஒரே வரி. ஊசி மேலே.

"வித்தியாசம் தெரியுதா?"

தெரிகிறது என்றால் "எங்க தெரியுது?" என்று வாய்மொழித் தேர்வு வரும். தெரியவில்லை என்றால் தப்பு ஃபுட்டரிடம் இருக்க வாய்ப்பே இல்லை. அது 'செட் ஆக' இரண்டு வாரம் ஆகும், அல்லது பைக்கில் வந்ததால் என் காது களைத்திருக்கிறது. "பேஸ் டைட் ஆயிடுச்சு. வயலின்லாம் ரெண்டடி பின்னால போயிடுச்சு பாருங்க" என்று அவரே விடையையும் சொல்லிவிடுவார். பின்னால் இருப்பது பாத்ரூம் சுவர்.

ஒலியின் நுட்பமான சாயலை நம் மூளை சில விநாடிகளுக்கு மேல் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. நடுவில் பெட்டியைத் தூக்கி, ரசமட்டம் பார்த்து, வியர்வையும் துடைத்தான பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? போதாததற்கு, வால்யூம் அரை டெசிபெல் கூடியிருந்தால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். கையால் திருப்பிய குமிழ் பழைய இடத்துக்கே வந்ததா என்பது யாருக்கு வெளிச்சம்? இதைச் சொல்லிப் பார்த்தேன். "சமையல்கட்டுல இருந்த என் வொய்ஃபுக்கே தெரிஞ்சுது சார்" என்றார். அந்த அம்மாளிடம் விசாரித்தேன். "எவ்வளவுன்னு கேட்டேன், அதைத்தான் சொல்றார்" என்றார்.

எடை இன்னொரு கூத்து. இந்தக் கால்கள் ஒவ்வொன்றும் இத்தனை கிலோ தாங்க வேண்டும் என்று கணக்குண்டு. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் அமுங்காது, அமுங்காத ஸ்பிரிங் எதையும் தடுக்காது. பாரம் மிகுந்தால் தரைதட்டி நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதால் நாலு காலிலும் ஒரே பாரம் விழாது. சார் இதற்காகத் தெருவில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, அவர் தராசில் ஆம்ப்ளிஃபயரை மூலை மூலையாகத் தொங்கவிட்டு எடை பார்த்தார். எல்லாம் முடிந்ததும் பேப்பர்காரர் சாக்கை விரித்து, "கிலோ என்ன ரேட்டுக்கு சார் போடறீங்க?" என்றார். அன்று மாலை முழுவதும் சார் யாரோடும் பேசவில்லை.

ஆனாலும் அவரை விவரம் தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் வீட்டில் ரெகார்ட் பிளேயர், ஸ்பீக்கர் இருந்த ஷோகேஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது. வால்யூமைக் கூட்டினால் ஊளையிடும். அவர் வந்து ஒரு முறை தட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் அதிர, பலகை அதிர, பலகையோடு ஊசி அதிர, அது மறுபடி ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது என்று விளக்கினார். சுவரில் தனியாக ஒரு பலகை அடித்து பிளேயரை அதில் ஏற்றினார். ஊளை போயே போய்விட்டது. காசு வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார்.

எல்.பி. விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். பள்ளத்தின் நெளிவை ஊசி மைக்ரோமீட்டர் கணக்கில் படிக்கிறது. தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டி, கேட்கும்போது கூட்டிக் கொடுப்பதால், 20 ஹெர்ட்ஸ் பக்கம் வருவது 1000 ஹெர்ட்ஸில் வருவதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெருகும். நடக்கிற காலடி அதில் நன்றாகவே ஏறும். இதற்காகத்தான் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961-இல் கொண்டுவந்த ஏ.ஆர். டர்ன்டேபிளில் தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, மூன்று ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். அதில் அசைகிற தட்டு இருந்தது, அதற்கு வைத்தியமும் இருந்தது.

ஆம்ப்ளிஃபயரில் எது அசைகிறது? வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தாலாவது, வால்வை விரலால் சுண்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கும். இவரிடம் இருப்பது டிரான்சிஸ்டர். சிடி பிளேயர் படித்த எண்களை முதலில் நினைவகத்தில் வாங்கிவைத்து, பிறகு படிகக் கடிகாரத்தின் தாளத்தில் வெளியே விடுகிறது. அதற்கும் ஒரு செட் கால். வைஃபை ரூட்டருக்கும் ஒரு செட் என்பதை, திருட்டுத்தனமாக அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிறைய வீடுகளில் மரத்தரை. ஆள் நடந்தால் குதிக்கும், அங்கே ஸ்பிரிங் காலுக்கு வேலை உண்டு. நம் சார் குடியிருப்பது தரைத்தளத்தில், சிமென்ட்டுக்கு மேல் கிரானைட். அவருடைய அம்மாவின் எடை நாற்பது கிலோகூடத் தேறாது. ஸ்பிரிங்குக்கும் ஒரு குணம் உண்டு. பாரத்தில் 10 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் சொந்த அதிர்வு விநாடிக்கு 5. சுமார் 7-க்கு மேற்பட்ட அதிர்வைத்தான் அது தடுக்கத் தொடங்கும், 5-ஐ ஒட்டி வருவதை இன்னும் பெரிதாக்கியே அனுப்பும். சாருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்குகிறார்.

அந்த ஹாலில் உண்மையில் குறை இல்லாமல் இல்லை. கிரானைட் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் மோதிப் படபடக்கும். தடியாக ஒரு ஜமுக்காளமும் கனமான திரையும் போட்டால், எந்தக் காலும் தராத வித்தியாசம் முதல் நாளே கேட்கும், கண்ணைக் கட்டிக்கொண்டாலும் கேட்கும். பலமுறை சொல்லியாகிவிட்டது. "பார்க்கலாம் சார்" என்பார். ஜமுக்காளத்தை ஒருதரம் விரித்தால் விரித்ததுதான். அதற்கு எடை பார்க்க வேண்டாம், ரசமட்டம் வேண்டாம், அடுத்த மாடலும் வராது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் எங்கே போவார்?

என் புகார் பணத்தைப் பற்றியதல்ல. அவர் பணம், அவர் பெட்டி. தன் வீட்டுக் கூடத்தில் நடக்க ஒரு வயதான அம்மா மகனிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டின் சரணத்தை அந்த வீட்டில் நான் இன்றுவரை கேட்டதில்லை, அதுவும் பிடிக்கவில்லை. அவ்வளவு நல்ல சரணம் அது. இவ்வளவு செலவு செய்த மனிதர் அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

போன வாரம் கூப்பிட்டார். நேராகவே சொல்லிவிட்டேன். "வர்றேன் சார். ஆனா பாட்டு கடைசி வரைக்கும் ஓடணும். நடுவுல நீங்க ஆம்ப்ளிஃபயரைத் தூக்கக் கூடாது."

"சேச்சே, அதைத் தொடவே மாட்டேன், சத்தியமா" என்றார். "ஸ்பீக்கர் வயர் இருக்கு பாருங்க, அது தரையில படாம தூக்கி வைக்கப் பீங்கான்ல சின்னதா ஒரு ஸ்டாண்ட் வந்திருக்கு. மொத்தம் எட்டு. சீக்கிரமா வாங்க, அம்மா தூங்கறாங்க."