முன்பே இருந்த நோய்

எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். மருத்துவமனைக்கு இது மூன்றாவது வருகை. பெயர் வைத்தாயிற்று, ஆதார்கூட எடுத்தாயிற்று. ஆனாலும் கையில் கட்டும் பட்டையில் இன்னும் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மா பெயர்தான். மாற்றச் சொன்னால் சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். போன தடவை நான் 640 ரூபாய் பாக்கி வைத்துப் போனது மட்டும் அதே சிஸ்டத்துக்குப் பசுமையாக நினைவிருக்கிறது.

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு வேண்டியதைவிட அதிக ரத்தம் பாய்வதால் எப்போதும் இரைப்பு. சளி பிடித்தால் நேரே நிமோனியா. பால் குடிப்பதே அவளுக்கு மலையேற்றம். நாலு வாய் உறிஞ்சுவாள், நிறுத்துவாள், நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். கொஞ்சம் எடை ஏறட்டும், ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். ஓட்டை இருக்கும்வரை எடை எங்கே ஏறும்? ரேஷன் கார்டுக்கு இருப்பிடச் சான்று கேட்டு, இருப்பிடச் சான்றுக்கு ரேஷன் கார்டு கேட்பார்களே, அந்த ஆபீசில்தான் இந்த இதயமும் வேலை பழகியிருக்க வேண்டும்.

அவளுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று பெரியவர்களுக்குச் செய்தது. என் மனைவி அதை நாலாக உடைத்து, ஒரு துண்டை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே நசுக்கி, தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சுவாள். அதற்கு முன் ஃபேனை நிறுத்திவிடுவாள். பொடி பறந்தால் அளவு தப்பிவிடும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

இரவு 2 மணி. குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுகிறது. கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், ‘சார்’ போட்டுத்தான் பேசினார். “அட்வான்ஸ் அம்பதாயிரம் கட்டிட்டு வாங்க சார், அட்மிஷன் போட்டுடலாம்.” அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, சடங்குகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989இல். தீர்ப்பின் நகல் இன்னும் கவுண்டருக்கு வந்து சேரவில்லை போலும். டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் ரசீதுக்குக் காத்திராமல் ஆக்சிஜன் வைத்துவிட்டார். இன்னும் அனுபவம் போதாது, பாவம்.

ஏன் அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். மூச்சுத் திணறும் பிள்ளையோடு ஓடுபவன், கிட்டத்தில் எது இருக்கிறதோ அதில்தான் நுழைவான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை? அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் பத்தாயிரம். என் சம்பளம் இருபத்தெட்டாயிரம். அரசாங்கக் கணக்கில் நான் சீமான். அந்தக் கவுண்டரில் பிச்சைக்காரன். ஒரே இரவில் இரண்டு வேஷம் கட்ட எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்?

சீமானாகையால் சொந்தக் காசில் பாலிசி எடுத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு வரை அந்தப் பிரிமியத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தங்கத்துக்கு 3 சதவீதம். பீரோவில் பூட்டி வைப்பதற்கு மூன்று, படுக்கையில் விழுந்தால் உதவும் என்று நம்பி வாங்குவதற்குப் பதினெட்டு. குழந்தையைப் பிறந்து 90 நாள் கழித்துத்தான் என் பாலிசியில் சேர்க்க முடிந்தது. அதுவரை அவள் சொந்தப் பொறுப்பில் உயிரோடிருக்க வேண்டும். இருந்தாள்.

பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி. விதியை மதிக்கிற கம்பெனி இது. நாற்பதே நிமிடத்தில் மறுத்துவிட்டது. காரணம்: ‘முன்பே இருந்த நோய்’.

உண்மைதான். பிறப்பதற்கும் முன்பே இருந்த நோய். கருவறையிலேயே திட்டம் போட்டு, ஓட்டையை மறைத்து எடுத்துக்கொண்டு, ஒரு கம்பெனியை ஏமாற்றவே வெளியே வந்திருக்கிறாள். இப்படிப்பட்டவர்களைக் காத்திருக்க வைக்கலாம். அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 ஆக இருந்தது, 2024இல் பெரிய மனது பண்ணிக் குறைத்தார்கள். ஆக, அவள் தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்குப் போய் நிலா நிலா பாடி முடித்துவிட்டு, சாவகாசமாக வந்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது: நோய் எப்போது தொடங்கியது? தேதியுடன் தெரிவிக்கவும்.

டாக்டரிடம் கேட்டேன். கரு உருவான ஏழெட்டு வாரத்துக்குள் அந்தச் சுவர் மூடியிருக்க வேண்டுமாம். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து, போனில் காலண்டரைப் பின்னோக்கித் தள்ளினோம். அந்த வாரம் வந்ததும் என் மனைவி கேட்டாள்: “அப்போ நான் என்னங்க சாப்பிட்டேன்?” அதுவரை அவள் அழவில்லை.

அந்த வாரம் அவளுக்கு மசக்கை. மோர் சாதம்கூட இறங்கவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று. பாலிசியைப் புதுப்பித்தேன், 18 சதவீதம் சேர்த்து. கேட்ட கட்டத்தில் அந்தத் தேதியையே எழுதி, ரசீதையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.